மாத்தளை அரக்கு வேலை

சூடேற்றினால் இளகும்; வேண்டிய வடிவிற்கு இசையும்; ஆறினால் இறுகும். இவை பிளாஸ்டிக்கின் இயல்புகள் என்பர். ஆயின், மனிதன் பிளாஸ்டிக்கை ஆக்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, இவ்வியல்புகள் அமைந்த பொருளொன்றைச் சிறு பூச்சியொன்று ஆக்கி வந்தது. அதுவே அரக்கு. 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்னும் விஞ்ஞானி பேக்லைட்டைக் கண்டதும், அரக்கிற்கு மாற்றுப்பொருள் தேடிய முயற்சியின் விளைவேயாம். வானொலி நிலையங்களில் முன்னாளில் ஒலித்த இசைத்தட்டுகளும் அரக்குச் சேர்த்துச் செய்யப்பட்டவையே.

இவ்வரக்கினால் மரத்திற்கு வண்ணமூட்டும் கலை, மாத்தளை மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகின்றது. ஹப்புவிட என்னும் ஊர் இதற்குப் பெயர்பெற்றது. இங்கே தூரிகைக்கு வேலையில்லை.

கடைசற் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, வண்ண அரக்குக் கோலை அதன்மீது அழுத்துவது ஒரு முறை. உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்திற் படியும். கருநாடகத்துச் சன்னபட்டண மரப்பாவைகளும் இவ்வாறே வண்ணம் பெறுகின்றன. மாத்தளைக்குச் சிறப்புத் தருவதோ நகவேலை. கரிநெருப்பில் இளக்கிய அரக்கைப் பன்முறை அடித்தும் இழுத்தும் வண்ணப்பொடியைக் கலப்பர். பின்னர் அதனை நூலாக இழுத்து, சூடேறிய மரத்தின்மீது கொடியும் இலையுமாகப் படியவைத்து, பெருவிரல் நகத்தினால் நறுக்குவர். நகமே உளி. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகியனவே மரபு வண்ணங்கள். ஏட்டுச்சுவடிகளின் மரச்சட்டங்களும், ஊன்றுகோல்களும், விசிறிக் காம்புகளும் இவ்வாறு அணிபெற்றன.

கனிப்பொருள் ஆய்வுப் பணியில் கண்டி நாட்டுக் கிராமங்களெங்கும் சென்ற ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலில் இவ்வேலையை விளக்கி எழுதினார். கைவினைஞரும் கலைஞரே என்பதை உலகிற்கு உணர்த்திய நூல் அது.

அரக்கிற்குக் குறையும் உண்டு. கடும் வெயிலில் அது இளகும். ஈரம் நெடுநேரம் தங்கினால் வெண்மை படரும். முற்றத்தில் வைக்கத்தக்கதன்று, வீட்டினுள்ளே பேணத்தக்கது. எனாமல் வண்ணமோ விரைவிற் பூசத்தக்கது; விலையும் குறைவு. இரண்டையும் ஒருங்கே வைத்தால், வாங்குவோர் கண் மலிவானதையே நாடும். எனினும் எனாமல் மரத்தின் மேலே பூசிய தோல். அரக்கின் வண்ணமோ, பூச்சன்று. அரக்கின் உடலிலேயே கலந்தது.

பெருவிரல் நகத்தின் பழக்கத்தை எந்நூலும் கற்பியாது. வேலை செய்வார் அருகே இளையோர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தே அதனைப் பெறல் வேண்டும். அவ்வாறு அமர்வதற்கு, அவ்வேலை அவர்க்குச் சோறிடவும் வேண்டும். ஆதலால் இக்கலையின் ஆயுள் கைவினைஞர் நகத்தில் மட்டுமன்று, வாங்குவோர் கண்ணிலும் உள்ளது.