இமையத்தின் ‘செல்லாத பணம்’



நாவலென்றாற் பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்த எம்மை இரண்டு இரவுகள் உறங்கவிடாத நூலிது. 2018இல் வெளிவந்தது, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது.

பொறியியல் கற்ற ரேவதி, வீட்டார் மறுத்தும் ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களுடன் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிற் கிடக்கிறாள். கதையிற் பெரும்பகுதி வெளியே காத்திருப்போரின் பேச்சும் அழுகையுந்தான். அந்த மணத்தால் மனங்கசந்திருந்த தந்தை நடேசன், தலைமையாசிரியர், எவ்வளவு பணமுங் கொடுக்கச் சித்தமாய் நிற்கிறார்; வாங்குவதற்குத்தான் ஒன்றுமில்லை. ரவியைக்கூட எம்மால் முழுதாக வெறுக்க முடியவில்லை. ஆசிரியர் அவனையும் பேசவிடுகிறார்.

நடேசனை நாங்கள் அறிவோம். எங்கள் வீடுகளிலும் இருக்கிறார். சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். இளைஞருக்கு முன்பாகத் தந்தைமார் அதனை இரவல் பெறட்டும்.