விளங்க வைத்தலே புலமை



ஓர் ஆய்வுநூலைப் படிப்பவனுக்கு அது விளங்கவில்லையாயின் குற்றம் யாருடையது? படிப்பவனுடையது என்றே பலர் கருதுகின்றனர். அவனும் தன் அறிவை நொந்து தலைகுனிகின்றான். தமிழ் மரபோ வேறு தீர்ப்பு வழங்குகின்றது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தியார், நூற்குற்றங்கள் பத்தனுள் மயங்க வைத்தலை ஒன்றாகவும், நூலழகுகள் பத்தனுள் விளங்க வைத்தலை ஒன்றாகவும் எண்ணினார். அவ்விரண்டையும் நூலின்மேல் ஏற்றினாரேயன்றிப் படிப்பவன்மேல் ஏற்றினாரல்லர். அவ்வழகுகளுள் ஆழமுடைமையும் ஒன்று. ஆகவே, ஆழமும் விளக்கமும் ஒருங்கே நிற்கத்தக்கவை. கிணறு ஆழமாயிருப்பது வேறு. நீர் கலங்கியிருப்பது வேறு. கலங்கிய நீர் முழங்காலளவே ஆயினும் அடி தெரியாது!

கலக்கத்தை ஆழமென்று கொண்டதால் நேர்ந்த இழிவுக்கு 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். நியூயார்க்குப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆலன் சோக்கல் என்பார், 'சோசியல் டெக்சுட்டு' என்னும் பண்பாட்டாய்விதழுக்கு ஒரு கட்டுரை விடுத்தார். ஈர்ப்பியல் கொள்கையையும், மதிப்புப்பெற்ற மெய்யியலார் மேற்கோள்களையும் பொருந்தாவகையிற் பிணைத்து, இயற்பொருளுலகமே குமுகாயத்தின் மொழிப்படைப்பு என்று சான்றின்றிச் சாற்றியிருந்தார். இதழாசிரியர் அதனை இயற்பியலறிஞர் எவர்க்கும் காட்டாமலே வெளியிட்டனர். வெளிவந்த அளவில், அது வேண்டுமென்றே புனைந்த பொருளற்ற கட்டுரை என்று சோக்கல் வேறோர் இதழில் அறிவித்தார்.

இவ்வொன்றைக் கொண்டு ஒரு துறை முழுவதையும் பழித்தல் தகாது. எனினும், விளங்காமையே ஒரு கட்டுரைக்கு அரணாகிவிடும் என்பது அன்று வெளிப்பட்டது. விளங்காததை மறுக்கவியலாது, மறுக்கப்படாதது மெய்யென மதிக்கப்படும்.

இதற்கு மறுதலையும் உண்டு. 1953 ஏப்பிரல் 25இல் 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட கட்டுரை, உயிர்களின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவை ஏறத்தாழ ஒரு பக்க அளவிலேயே உணர்த்திற்று. பெரும்பொருள் சிறுகட்டுரையில் அடங்கிற்று. தெளிவால் அதன் பெருமை குன்றவில்லை.

தமிழில் 'பௌதிகம்' என்றிருந்தது 'இயற்பியல்' ஆயிற்று. 'சர்வகலாசாலை' 'பல்கலைக்கழகம்' ஆயிற்று. சொல்லே தன் பொருளைச் சொல்லும் நிலை வந்தது. ஆயினும், ஓர் உண்மையை மறைத்தலாகாது. தனித்தமிழில் எழுதுவதாலேயே தெளிவு வந்துவிடாது. தாமே ஆக்கிய புதுச்சொற்களை விளக்கமின்றி ஒரே பத்தியில் அடுக்குவாரும் மயங்கவே வைக்கின்றார். அவர்க்கும் பவணந்தியார் தீர்ப்பே தீர்ப்பு. அதைப் படிப்பவன் ஏட்டை மூடிவைத்து, தமிழில் அறிவியல் எழுதவியலாது என்று முடிவுகட்டுவானாயின், பகைவர் செய்யவியலாத கேட்டை அன்பரே செய்தவராவார்!

ஆதலின், புதுச்சொல் முதன்முறை வருமிடத்திலேயே அதன் பொருளை எளிய தொடரால் விளக்குக. உடன் ஓர் எடுத்துக்காட்டுத் தருக. ஒரு பொருட்கு ஒரு சொல்லையே இறுதிவரை ஆள்க. எழுதியதைத் துறை பயிலாத ஒருவர்க்குப் படித்துக்காட்டி, அவர் நெற்றி சுருங்குமிடத்தைத் திருத்துக.

தெளிவாக எழுதுவார் பிழைபடின் பிறர் கண்டு திருத்துவர். மயங்க எழுதுவார் பிழையோ மறைந்தே வளரும். எனவே தெளிவு என்பது நடையழகு மட்டுமன்று. அறிவின் நேர்மையும் அதுவே.

தமிழில் எழுதுக! தெளிய எழுதுக!