சிறுநீரக நோயாளியின் இருதயம்
(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"டயாலிசிஸ் இயந்திரம் வாங்கத்தானே கொடுக்கிறோம், ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கே இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் அநேகர், டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்பே இருதய நோயால் இறந்துவிடுகிறார்கள். சிறுநீரகம் தளரும்போது உப்பும் நீரும் உடலில் தேங்கி, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்து உழைத்து உழைத்து இருதயத்தின் சுவர் தடித்துப் போகிறது. இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. இரத்தக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிகிறது.

ஆகவே மற்றவர்களுக்குப் பலன் தரும் மருந்து இவர்களுக்கும் அப்படியே பலன் தரும் என்று எண்ணிவிட முடியாது. டயாலிசிஸ் செய்துவந்த 1255 சர்க்கரை நோயாளிகளிடம் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. மருந்தினால் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை குறிப்பிடும்படி குறையவில்லை. பின்பு 2011இல் 9270 சிறுநீரக நோயாளிகளின் ஆய்வு வெளிவந்தது. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் டயாலிசிஸ் நிலையை எட்டாதவர்கள். கொழுப்பைக் குறைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தக் குழாய் அடைப்பால் வரும் ஆபத்துகள் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தன. காலம் தாழ்த்தாமல் முன்னமே தொடங்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் இவற்றிலிருந்து கற்ற பாடம். நோயாளிகள் மனமுவந்து சம்மதித்திராவிட்டால் இதை ஒருவரும் அறிந்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஆராய்ச்சி, நோயாளியின் படுக்கை அருகே தொடங்குகிறது. எங்கள் இளமையில் நாங்களும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததுண்டு. "இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூத்த மருத்துவர். ஒரு தலையணை போதுமென்றிருந்தவருக்கு மூன்று தேவைப்பட்டால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்; இருதயம் தளர்ந்திருக்கலாம். இன்று அதையே இளைய மருத்துவர்களுக்கு நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம். எல்லாரிடமும் ஒரே விதமாகக் கேட்கவும், இரத்த அழுத்தத்தை ஒரே முறையில் அளக்கவும், பிழையின்றி எழுதி வைக்கவும் பழக்குகிறோம். "விருப்பமில்லை" என்று சொல்லும் நோயாளிக்குச் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும் முதலிலேயே உணர்த்துகிறோம்.

இதற்கு நேரம் வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீண்டிருக்கும்போது யார் உட்கார்ந்து கற்றுக் கொடுப்பது? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அனுபவமுள்ள மருத்துவர்கள் இளையவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே தனி மானியம் கொடுத்து வந்திருக்கிறது. எங்களுக்கோ உங்கள் கைகளே துணை.

இயந்திரத்தில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். கற்றுக் கொடுத்த மணி நேரத்தில் பொறிக்க முடியாது. ஆனாலும் அந்தப் பயிற்சி பெற்ற இளைய மருத்துவர், இன்னும் முப்பது ஆண்டுகள் நோயாளிகளிடம் தலையணைக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்காகவும் கொடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.