இதயத்தைக் காப்பது மருந்தே!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் "நாக்கைக் கட்டு, போதும்" என்றார். நான் நாகர்கோவில்காரன். எறக்குன அவியல்ல பச்சைத் தேங்காயெண்ணெய் ஊத்தலேன்னா எங்க வீட்டுல அது அவியலே இல்ல! (சிரிப்பு)

அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. எண்ணெய்க் குப்பி பரணுக்குப் போனது. ஒருநாள், "தேங்காயெண்ணெய் கெடுதல் இல்லன்னு ஆராய்ச்சியே சொல்லுதாம்லா" என்று குப்பியை இறக்கினார். சரி. மாத்திரையையும் நிறுத்திவிட்டாரே!

எந்த ஆராய்ச்சி? கொச்சி அமிர்தாவில் இதய நோயாளிகள் 200 பேர். ஒரு பிரிவுக்குத் தேங்காயெண்ணெய், மற்றதற்குச் சூரியகாந்தி எண்ணெய். 2 ஆண்டுகள் பார்த்து, 2016-இல் வெளியிட்டார்கள். ரத்தக் கொழுப்பில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. ஆனால் ஐயா, இரு பிரிவினருமே மருத்துவர் கொடுத்த மருந்தோடுதான் அந்த எண்ணெயைச் சாப்பிட்டார்கள்! (கைதட்டல்)

அப்பாவிடம் சொன்னேன். "அத மொதல்லயே சொல்லப்பிடாதா மக்ளே?" என்று மாத்திரையை எடுத்தார்.