இருபதாயிரம் பேர் பார்த்தார்கள், ஆறு பேர் வாங்கினார்கள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. பேப்பரைப் பார்த்துத்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "செல்போன் விளம்பரத்தில் வரும் வார்த்தைகள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவள் என்று கொடுக்கவில்லை, பத்தாவதோடு சரி. எங்கள் குழு அதில் 5,000 ரூபாயைக் கரைத்தது, அந்த யோசனையைச் சொன்னவள் நான். அதனால்தான் கொடுத்தார்கள்.

எங்கள் குழு வத்தல் போடுகிற குழு. கூழ் வத்தல், வெங்காய வடகம், மோர் மிளகாய். பங்குனி, சித்திரை வெயிலில் போட்டு எடுத்து வைத்தால் வருசம் பூரா விற்கலாம். கால் கிலோ பாக்கெட் 80 ரூபாய். அரிசி, ஜவ்வரிசி, மிளகாய், கவர், கூலி எல்லாம் போக ஒரு பாக்கெட்டுக்கு 22 ரூபாய் நிற்கும். கண்காட்சியில் ஸ்டால் போட்டால் நன்றாகப் போகும். மற்ற நாளில் மூட்டை வீட்டுத் திண்ணையில் கிடக்கும். செல்போனில் விளம்பரம் போட்டால் வித்துப் போகும் என்று யாரோ சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன். தீர்மான நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குழு நிதியிலிருந்து 5,000 எடுத்தோம்.

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியிடம் கொடுத்தோம். விளம்பரத்துக்கு 3,000, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 540, மீதி 1,460 அந்தத் தம்பியின் கூலி. பத்து நாள் கழித்து ஒரு தாள் கொடுத்தார். ரீச் 20,000, இம்ப்ரெஷன் 40,000, லைக் 600, கிளிக் 200. "சூப்பரா போயிருக்குக்கா" என்றார். எனக்கும் வாயெல்லாம் பல். கூட்டத்தில் படித்துக் காட்டினேன். விற்றது எவ்வளவு என்று பொருளாளர் கேட்டார். ஆறு பேர், பதினோரு பாக்கெட். எங்களுக்கு நின்றது 242 ரூபாய்.

எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒரு பெரியம்மா. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இருபதாயிரம் பேரு பாத்தாங்கன்னு சொல்ற. அம்புட்டுப் பேர்ல வத்தல் திங்கிறவன் ஆறு பேருதானாடீ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மதினி அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் மகளுக்கு காலேஜ் பீஸ் கட்டக் கடன் கேட்டிருந்த நேரம் அது. நிதியில் பணம் குறைந்து, அவருக்கு ஒரு மாசம் தள்ளிப் போனது. அந்தக் கோபம் நியாயம்தான்.

மறுவாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அந்தத் தம்பி கடைக்குப் போனேன். "தம்பி, சண்டைக்கு வரலை. இந்தத் தாள்ல இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்குப் புரியிற மாதிரி அர்த்தம் சொல்லுங்க" என்றேன். மூன்று நாள் மத்தியானம் போய் உட்கார்ந்தேன். அந்த நோட்டிலிருந்துதான் சொல்கிறேன்.

ரீச், இம்ப்ரெஷன் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லை. நம் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் பன்னிரண்டு பேர். மாசம் நாலு கூட்டத்துக்கும் எல்லோரும் வந்தால் நாற்பத்தெட்டு கையெழுத்து இருக்கும். ஆள் கணக்கு பன்னிரண்டு, அதுதான் ரீச். கையெழுத்துக் கணக்கு நாற்பத்தெட்டு, அதுதான் இம்ப்ரெஷன். எங்கள் விளம்பரம் 20,000 பேர் போனில் ஆளுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், நின்று பார்த்தார்கள் என்று இல்லை. பஸ்ஸில் போகும்போது சுவரில் எழுதியிருப்பது கண்ணில் படுகிறதே, அந்த மாதிரி. விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் அது கணக்கில் ஏறும்.

சி.பி.எம். என்றால் ஆயிரம் தடவை காட்ட ஆகும் செலவு. அந்த 'எம்' ஆயிரத்துக்கு லத்தீன் பாஷையில் உள்ள வார்த்தையின் முதல் எழுத்தாம். 40,000 தடவைக்கு 3,000 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 75 ரூபாய். கிளிக் என்றால் ஒருவர் விரலால் தொட்டு உள்ளே வந்தது. 200 கிளிக்குக்கு 3,000 என்றால் ஒரு தொடலுக்கு 15 ரூபாய், அது சி.பி.சி. நூறு தடவை காட்டினால் எத்தனை தடவை தொடுகிறார்கள் என்பது சி.டி.ஆர். எங்களுக்கு அரை சதவீதம். அதாவது இருநூறு தடவை காட்டினால் ஒரு தொடல்.

ஆரம்பத்தில் இப்படி இல்லையாம். இணையத்தில் முதன்முதலில் பட்டை மாதிரி பேனர் விளம்பரம் வந்தது 1994 அக்டோபரில், அமெரிக்காவில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில். ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் கம்பெனி போட்டது. பார்த்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர் தொட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். புதுசு, அதனால் தொட்டார்கள். இப்போது நமக்கு எத்தனை விளம்பரம் வருகிறது, எத்தனையைத் தொடுகிறோம்?

தொட்டு உள்ளே வந்தவர் முதலில் எங்கே வந்து நிற்கிறாரோ அது லேண்டிங் பேஜ். வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசல் எப்படி இருந்தது தெரியுமா? விலை போடவில்லை. ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான். அது எங்கள் பிரதிநிதியின் நம்பர். அவரோ பகல் பூரா மாடியில் வத்தல் காயப் போட்டுக்கொண்டு இருப்பார், போன் கீழே சார்ஜில் கிடக்கும். 200 பேர் தொட்டு, 25 பேர் செய்தி அனுப்பி, அதில் பாதிப் பேருக்கு மறுநாள் ராத்திரிதான் பதில் போயிருக்கிறது. செய்தி அனுப்பி விசாரிக்கிறவரை லீட் என்கிறார்கள். லீட் வாங்குகிறவராக மாறினால் கன்வெர்ஷன். ஒரு கன்வெர்ஷனுக்கு எங்களுக்கு வரி போக 500 ரூபாய் ஆகியிருக்கிறது. 22 ரூபாய் லாபத்துக்கு!

அடுத்ததுதான் பெரிய தப்பு. விளம்பரம் யாருக்குக் காட்ட வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுக்கலாம். ஊர், வயசு, ஆணா பெண்ணா, எதில் விருப்பம் என்று. இது டார்கெட்டிங். அந்தத் தம்பி இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்றும், வயசு பதினெட்டிலிருந்து அறுபத்தைந்து என்றும் விட்டுவிட்டார். இந்தியில் ஏழெட்டுப் பேர் விலை கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு அனுப்பினால் கூரியர் காசு வத்தல் காசைத் தாண்டிவிடும். அதோடு விளம்பரத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வரும். அதில் லைக், கமெண்ட் வருகிற வகையைத் தொட்டிருக்கிறார். லைக் போடுகிற பழக்கம் உள்ளவர்களாகத் தேடித் தேடிக் காட்டியிருக்கிறது, லைக் வந்தது. நாம் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

அந்தத் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை. என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. என் கணக்கில் இரண்டு பக்கமும் தப்பு.

இந்த இடத்தைக் கொடுப்பதே ஏலத்தில்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திருவிழாவுக்குக் கடை ஏலம் விடுவார்களே, அதுபோல. ஆனால் இங்கே ஒருவர் போனைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், கண் மூடித் திறப்பதற்குள் ஏலம் முடிந்துவிடும். கூடக் கேட்டவருக்கே கிடைக்கும் என்பதும் இல்லை. இந்த ஆள் இதைத் தொடுவாரா, அவருக்கு இது தேவைதானா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் நம்மைப் போல 100 ரூபாய் போடுகிறவர்களுக்கும் மூலையில் ஒரு இடம் கிடைக்கிறது.

குக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மகள் பிஸ்கட் என்று சிரித்தாள். நீங்கள் ஒரு தளத்தில் குக்கர் விலை பார்க்கிறீர்கள். அடுத்து எங்கே போனாலும் அதே குக்கர் பின்னாலேயே வருகிறது இல்லையா? நீங்கள் பார்த்ததை நம் போனிலேயே ஒரு சின்னச் சீட்டில் குறித்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொந்துல்லி என்பவர் கொண்டு வந்தது. கூடையில் போட்ட சாமானைக் கடை மறக்காமல் இருக்க நல்லதுக்குத்தான் வந்தது. பிறகு விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டு வாங்காமல் போனவரை இப்படித் துரத்துவதற்கு ரீடார்கெட்டிங் என்று பெயர். ஆப்களுக்கு வேறு வழி, விளம்பர அடையாளம் என்று போனுக்கே ஒரு நம்பர் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் அதை அழிக்கலாம். நான் அழித்துவிட்டேன். விளம்பரம் நிற்காது, ஆனால் முன்னே மாதிரி பின்னாலேயே வராது.

ஒரு வார்த்தையை மட்டும் எல்லோரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஸ்பான்சர்டு. சின்ன எழுத்தில் இருக்கும். காசு கொடுத்து மேலே ஏற்றியது என்று அர்த்தம். காசு கொடுக்காமல் தானாக வருவது ஆர்கானிக் (நம் இயற்கை விவசாயம் இல்லை). கூகுளில் முதலில் வருவதுதான் உண்மையான கம்பெனி என்று நம்புகிறோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா சமையல் கேஸ் புகாருக்கு நம்பர் தேடி, மேலே வந்ததற்கு போன் போட்டார். அது போலி. ஓ.டி.பி. கேட்டார்கள், சொல்லிவிட்டார், கணக்கில் இருந்த நூறு நாள் வேலைப் பணம் போய்விட்டது. பில்லில், புத்தகத்தில் அச்சடித்திருக்கிற நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். பணம் போனது தெரிந்த உடனே 1930க்கு அடிக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து நிமிசத்தில் கடன் என்று வரும் விளம்பரமும் இந்த ஜாதிதான். நமக்குக் குழுக் கடன் இருக்கும்போது அதை எதற்குத் தொட வேண்டும்?

சரி, வத்தலுக்கு வருகிறேன். இரண்டாவது தடவை போடலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது அமைதியாக இருந்தது. 600 ரூபாய் மட்டும், நட்டம் வந்தால் என் சேமிப்பில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பேசாமல் இருந்த அந்த மதினிதான் முதலில் கையெழுத்துப் போட்டார். ஆனால் என்னைப் பார்த்துப் போடவில்லை.

ஆறு நாள், நாளுக்கு 100 ரூபாய், வரி 108. டவுனைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர். வயசு முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து, பெண்கள். நோக்கம் செய்தி வருவது. வத்தல் எண்ணெயில் பொரிவதை என் மகளே மாடியில் அடுப்பு வைத்து வீடியோ எடுத்தாள். விலையும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் விலைப்பட்டியல் ஏற்றினோம், அதற்குக் காசு கிடையாது. பகலில் யார் போனைப் பார்ப்பது என்று முறை வைத்தோம்.

இந்தத் தடவை ரீச் 3,000தான். பெரியம்மா, "போன தடவைய விடக் கம்மியாப் பாத்திருக்காங்களே" என்று கவலைப்பட்டார். செய்தி பதினெட்டு, வாங்கியவர் ஒன்பது பேர், முப்பத்தொரு பாக்கெட். லாபம் 682. செலவு 708. ஆக 26 ரூபாய் நட்டம். என் சேமிப்பில் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார்கள். நோட்டில் இருக்கிறது.

ஆனால் அந்த ஒன்பது பேரில் நாலு பேர் அடுத்த மாசமும் கேட்டார்கள். அதற்கு விளம்பரச் செலவு இல்லை. ஒரு அம்மா தன் தங்கைக்கும் சேர்த்து வாங்கினார். போன 5,000 இன்னும் வந்து சேரவில்லை. வருமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் கண்காட்சி ஸ்டால்தான் எங்களுக்குப் பெரிய விற்பனை. செல்போன் விளம்பரத்தை அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டாக வைத்திருக்கிறோம்.

ஆயிரம் லைக் இருநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்று யாராவது உங்கள் குழுவுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த லைக்கெல்லாம் ஆளே இல்லாத போலிக் கணக்குகள். எந்த ஆள் விளம்பரம் போட்டுத் தந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டப் போகிறீர்கள், நோக்கம் என்று எதைத் தொடுவீர்கள், பில்லில் விளம்பரக் காசும் உங்கள் கூலியும் தனித்தனியாக இருக்குமா. பதில் சொல்லத் தயங்கினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அந்த நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது, இரண்டாவது நோட்டு ஓடுகிறது. வேண்டுகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம், கொண்டு வந்திருக்கிறேன். ஸ்டாலில் மதினி உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் இருக்கிறது. வத்தலும் அங்கேதான் இருக்கிறது.