சாவி யார் கையில்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கம்ப்யூட்டரைப் பற்றி மில் தொழிலாளியிடமும் வயலில் கூலி வேலை செய்பவரிடமும் பேசுவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். யந்திரத்தோடு மாரடிப்பவர்கள் நாம். யந்திரத்தின் விஷயத்தை நம்மிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

ஜக்கார்டு தறியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1804-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு அமைத்தது அது. தறி ஒன்றுதான், அட்டையை மாற்றினால் துணியின் பூவேலை மாறுகிறது. கம்ப்யூட்டரும் அப்படியே. தறி ஹார்டுவேர், துளை போட்ட அட்டை சாப்ட்வேர். அட்டைதான் யந்திரத்துக்கு இடும் கட்டளை. துளை பிசகினால் நெசவாளி பார்த்துத் திருத்தலாம். இன்றைய கம்பெனிகள் பலவோ அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. விவகாரம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஜான் டீர் கம்பெனியின் புதிய டிராக்டர்களுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. சில பழுதுகளைத் தீர்க்க வேண்டுமானால் டீலரிடம் உள்ள சாப்ட்வேர் வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த விவசாயியும் டீலரின் ஆள் வரும்வரை கை கட்டி நிற்க வேண்டும். அறுவடை காத்திருக்குமா? பூட்டைத் தானே திறக்கலாம் என்றால், 1998-ம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

2015-ல் அந்தக் கம்பெனி சர்க்காரிடம் எழுதிக் கொடுத்தது என்ன? டிராக்டரில் உள்ள சாப்ட்வேர் விவசாயிக்குச் சொந்தமல்லவாம். வண்டி உழைக்கும் காலம் வரை அதை ஓட்டிக்கொள்ள அனுமதி மட்டுமே உண்டாம்! முழு விலை கொடுத்தவன் குத்தகைக்காரன் ஆகிவிட்டான். குத்தகை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

புத்தகத்தின் கதையும் இதுதான். 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, ‘கிண்டில்’ என்னும் படிக்கும் கருவியில் பலர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஆர்வெல் நாவல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மன்னிப்பும் கேட்டது. ஆனால் ஒரு கடைக்காரன் ராத்திரியில் வீடு புகுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனால் ஊர் சும்மா இருக்குமா?

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் மற்றவர்களும் குரல் எழுப்பியதால், 2015 அக்டோபரில் பழுது பார்ப்பதற்காக டிராக்டரின் பூட்டைத் திறக்க விலக்குக் கிடைத்தது. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷனே அந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது.

பூட்டே இல்லாத சாப்ட்வேர் சாத்தியமா? சாத்தியம் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ என்ற வேலையை அறிவித்தார். யாரும் ஓட்டலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் நியதி. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ தொடங்கினார். பல தேசத்தார் கூடி வளர்த்த அந்த லினக்ஸ்தான் நம் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம். ஆனால் அந்தப் போனிலும் கம்பெனிகள் மேலே தங்கள் பூட்டைப் போட்டு விற்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

“பூட்டாவிட்டால் எழுதியவனுக்குக் கூலி ஏது?” என்று கேட்கிறார்கள். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு, தோழர்களே! சுதந்திர சாப்ட்வேரையும் விலைக்கு விற்கலாம். எழுதுபவர் சம்பளமும் பெறலாம். “கண்டவர்கள் கை வைத்தால் ஆபத்து, புகை அதிகமாகும்” என்கிறார்கள். தப்பு செய்பவனைச் சட்டம் தண்டிக்கட்டும். அதற்காக எல்லாருடைய பட்டறையையும் மூடுவது என்ன நியாயம்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. வாங்கிய யந்திரத்தைப் பழுது பார்க்கும் உரிமை வேண்டும். அதற்கான உதிரி பாகமும் விவரமும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் சாப்ட்வேர் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும்.

யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. அதன் சாவி, அதில் உழைப்பவன் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். புதிய யந்திரம் ஊருக்குள் வரும்போது முதலில் கேளுங்கள்: இதன் சாவி யார் கையில்?