ஆற்றோர மரத்தை விட்டுவையுங்கள்



மலேசியாவின் சித்தியவான்காரர்களுக்குப் பாம்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரக்காட்டுக்குள் நுழைந்த தலைமுறை இதோ என் முன்னே அமர்ந்திருக்கிறது. பினாங்கில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், வட மலாயாவின் பாம்புக்கடிகளை ஆராய்ந்து 1963-இல் எழுதினார். கடிகளில் பெரும்பாலானவை காலிலும் பாதத்திலும் விழுந்தவை. வெறுங்காலோடு ரப்பர் மரம் சீவப் போன நம் தாத்தா பாட்டிமார் அந்த ஆய்வேடு இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள்.

அந்தப் பாம்பையே இரையாகக் கொண்ட ஒரு பறவை நம் செம்பனைக் காட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

கோயில் குடமுழுக்கின்போது வட்டமிட்டால் கைகூப்புகிறோமே, அந்தக் கருடன் செம்பருந்து. லுமுட் கடலோரத்தில் மீன் தேடும் பறவை அது. நான் சொல்வது கொண்டைப் பாம்புக்கழுகு. மலாய்க்காரர்கள் ஹெலாங் குயிக் என்பார்கள். அதன் குரலே அப்படித்தான் ஒலிக்கும். பழுப்பு உடல், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே பளிச்சென்ற மஞ்சள் தோல், சிறகை விரித்தால் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் வேறு எந்தப் பருந்தோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். சினந்தால் பிடரியில் கறுப்பும் வெள்ளையுமான கொண்டை விசிறியாக விரியும்.

இதன் பொறுமையை என்னவென்று சொல்வேன்! ஒரே கிளையில் வெகுநேரம் அசையாமல் இருந்து கீழே தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். புல் அசைந்தால் நேராக இறங்கும். பாம்பின் விஷத்தை முறிக்கும் சக்தி அதன் இரத்தத்தில் இருப்பதாக நம்ப வேண்டாம். இறகில்லாத கால்களை மூடிய தடித்த செதில்களும், உறுதியான விரல்களும், வேகமும்தான் அதன் காப்பு. ஆப்பிரிக்காவில் செயலர்ப் பறவை என்று ஒன்று உண்டு. அது பாம்பை உதைத்தே கொல்லும். அந்த உதையின் விசை அதன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு என்று 2016-இல் அளந்து கண்டார்கள். நம் ஊர்க் கழுகின் பிடியை அப்படி அளக்க வேண்டியதில்லை. அலகோரம் பாம்பின் வால் தொங்க அது பறப்பதைக் கண்டவர்களுக்கு அந்தப் பிடி தெரியும்.

இவ்வளவு வலிமையுள்ள பறவை பிள்ளை பெறுவதில் மிக ஏழை. தமிழ்நாட்டின் கொல்லிமலையில் இதன் கூடுகளை ஆராய்ந்தார்கள். வழக்கமாக ஒரே முட்டை. அடைகாக்க ஏறத்தாழ 41 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். அது பெரும்பாலும் கூடு கட்டுவது நீரோட்டத்தை ஒட்டிய உயர்ந்த மரங்களில். அந்த மரம் சாய்ந்தால் அந்த ஆண்டின் ஒரே பிள்ளையும் போய்விடக்கூடும்.

இனி நம் செம்பனைக்கு வருகிறேன். பழத்தை எலி தின்கிறது, எலியைப் பாம்பு தின்கிறது, பாம்பைக் கழுகு தின்கிறது. எலிக்கு வைக்கும் விஷம் இந்த வழியே மேலே ஏறக்கூடும். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் கடும் எலி விஷத்தால் கூகை ஆந்தைகள் மாண்டது 1980-களிலேயே எழுதி வைக்கப்பட்ட செய்தி. எலியைத் தின்று நமக்கு உதவிய ஆந்தையையே நாம் வைத்த விஷம் கொன்றது. கழுகுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று நெஞ்சாரக் கேட்கிறேன்.

2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கழுகைக் காக்கிறது. சுட்டால் குற்றம், கூண்டில் அடைத்தாலும் குற்றம். ஆனால் அதன் கூடு இருக்கும் மரத்தைச் சாய்க்கும்போது இப்படி யாரும் அஞ்சுவதாகத் தெரியவில்லை. செம்பனை முதிர்ந்து ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு நடக்கும்போது, இயந்திரம் ஆற்றங்கரை வரை போய்விடுகிறது. தோட்ட நிர்வாகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்த அரங்கில் உண்டு. உங்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த மறுநடவுத் திட்டம் மேசைக்கு வரும்போது, ஆற்றோரத்து உயர்ந்த மரங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றைத் தொடக்கூடாது என்று குத்தகைக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களே, வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் இந்தப் பறவை குரல் எழுப்பிக்கொண்டு வட்டமிடும். சனிக்கிழமையன்று ஒரு தொலைநோக்கியோடு பிள்ளைகளைத் தோட்டச் சாலைக்கு அழைத்துப் போங்கள். எந்த மரத்தில் இறங்குகிறது என்று அவர்கள் குறித்துவரட்டும். அந்தக் குறிப்பை நிர்வாகத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.